ஆல்டர் காரும் ரிஜெக்ட் காரும்

தாராபுரம் ரோட்டில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. உச்சி வெயில். செருப்பு தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பின்னால் ஒரு மொபெட் ஹாரன்.

"ஏனுங்க... நில்லுங்க! கொஞ்சம் நில்லுங்க!"

திரும்பினேன். முதலாளி!

போன வாரம் இதே பத்தியில், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட்டர் பங்களாவில் காருக்குக் காவலாக இருக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் வேலை போய்விட்டது. வேலை போவது எனக்குப் புதிதா என்ன? எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவனுக்கு அது பஸ் மாறுவது மாதிரி. ஆனால் போன விதம் இருக்கிறதே... அதைச் சொல்லியாக வேண்டும்.

கார், முதலாளியின் மகன் கார்த்தியுடையது. சூப்பர் கார். இரண்டே சீட். கதவு கோழி இறக்கையைத் தூக்குவது போல மேலே போகும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டியின் மூக்கைத் தூக்க ஒரு பட்டன். நம் ஊர் ரோட்டில் அந்தப் பட்டனுக்குத்தான் ஓயாத வேலை! அதனால் வண்டி பெரும்பாலும் ஏசி ஷெட்டில், பேட்டரி இறங்காமலிருக்க செல்போன் மாதிரி சார்ஜரில் செருகியபடியே நிற்கும். சின்னக் கோளாறு என்றாலும் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், முன்னால் இருக்கும் பானெட்டுக்குள் இல்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெயிண்ட்டில் பளபளப்பு கிடையாது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மாதிரி மங்கிய கறுப்பு. மேட் ஃபினிஷ் என்றார்கள். கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாதாம். போட்டால் அந்த இடம் மட்டும் மின்னுமாம். ஆக, என் வேலை யாரையும் தொட விடாமல் பார்த்துக்கொள்வது. நானும் தொடக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வண்டிக்குப் பூஜை. பானெட்டில் சந்தனம், குங்குமம். கார்த்தி போனில் பேசிக்கொண்டே உள்ளே போனான். குங்குமம் கொஞ்சம் சிதறியிருந்தது. முதலாளிக்குக் கை சும்மா இருக்குமா? ஒரே ஒரு தையல் மிஷினோடு தொழில் ஆரம்பித்தவர். மொபெட், வேன், லாரி என்று எது வாங்கினாலும் கம்பெனியில் மிஞ்சும் பனியன் வேஸ்ட் துணியால்தான் துடைத்திருக்கிறார். தன் மொபெட்டில் செருகியிருந்த அப்படியொரு துணித் துண்டை உருவினார். அழுத்தி ஒரு துடை.

சர்ர்ர்...

அது குழந்தைச் சட்டைத் துண்டு. நெஞ்சில் மயில் — முழுக்கச் சம்கியும் கல்லும். அவர் கம்பெனியிலேயே ரிஜெக்ட் ஆன பீஸ்! பானெட்டில் நத்தை ஊர்ந்த மாதிரி கோடுகள் மின்னின.

கார்த்தி வெளியே வந்தான். பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"யாருங்க தொட்டது?"

முதலாளி அந்தத் துணியை மெல்ல வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

கார்த்தி டிரைவர் சேவியரைப் பார்த்தான். சேவியர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பங்களாவுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார்.

"நா தொடல தம்பி. ஆண்டவர் மேல ஆணையா, கிட்டக்கூடப் போவல."

"சரிங்கண்ணா. இனி வேலைக்கு வர வேண்டாங்க. ஊட்டையும் காலி பண்ணிக் குடுத்துருங்க."

ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. இவ்வளவு மரியாதையாக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியுமா? நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க தொடச்சேன்," என்றேன்.

இதைத் தியாகம் என்று சொல்லி என்னைக் கூச்சப்பட வைக்காதீர்கள். சேவியர் கிளம்பினால் கட்டில், பீரோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கிளம்ப வேண்டும். நான் கிளம்பினால் ஒரு பை.

"இனி இது ரிஜெக்ட் பீஸ்," என்றான் கார்த்தி, என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்து. பனியன் கம்பெனிப் பையன் வாயில் வேறென்ன வரும்? பிரித்துத் தைத்தால் சரியாகும் என்றால் 'ஆல்டர்'. ஆகாதென்றால் 'ரிஜெக்ட்'.

இப்போது ரோட்டில், மொபெட்டை நிறுத்திவிட்டு முதலாளி மூச்சு வாங்கினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. பயந்து போயிட்டனுங்க."

"யாருக்குங்க பயந்தீங்க?"

"பையனுக்குத்தானுங்க. இந்தக் காரு வந்த பொறகுதான் என்றகூட நாலு வார்த்த பேசறானுங்க. அதும் காரப் பத்தித்தான். அதுலயே கோடு போட்டுட்டனே..."

இவர் கம்பெனிக்குள் நுழைந்தால் தையல் ஃப்ளோர் முழுக்க எழுந்து நிற்கும். அந்த மனுஷன்!

"பையன்கிட்டயே சொல்லிருங்கய்யா," என்றேன்.

"சொல்லோணுங்க," என்றார். "அதுக்கு முன்னாடி உங்குளுக்கு ஒரு வழி பண்ணோணும். ஏறுங்க."

மொபெட்டில் ஏற்றிப்போய், அதே ரோட்டில் தோட்டத்துக்குள் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் தன் மச்சான் சிவராஜிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டுத் திரும்பினார்.

சிவராஜிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பழைய ஜப்பான் வண்டி. அதில் ஜப்பான் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கே தெரியாது. இன்ஜின் வேறு வண்டியுடையது. சீட் இன்னொன்றிலிருந்து. டேஷ்போர்டில் சாயப்பட்டறை டையிங் மிஷினிலிருந்து கழற்றிய டெம்பரேச்சர் மீட்டர்!

"ஓடுமாங்க?"

"ஓடுறதெல்லாம் ஓடுமுங்க. நிக்கறதுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கும்."

"ரோட்டுல எடுப்பீங்களா?"

"அய்யய்யோ! ஆர்சி புக்குல இருக்கற வண்டியும் இதும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லீங்க. ஆர்டிஓ பாத்தா புடிச்சு வெச்சுக்குவாங்க. தோட்டத்துக்குள்ளயே சுத்திக்கறதுதான்."

அது தொடவே கூடாத கார். இது தொட்டுத் தொட்டுத் தீராத கார். இரண்டுக்கும் ரோடு இல்லை. இதில் எது மேல் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? ஒன்று மட்டும் தோன்றுகிறது... கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், பிக்கப் கேட்கிறோம். கீறல் விழுந்தால் வீட்டில் யார் முகத்தைப் பார்க்கப் பயப்படுவோம் என்று கேட்கிறோமா?

சாயந்திரம் சேவியர் போன் செய்தார்.

"அண்ணே, பெரியவரு சொல்லிட்டாரு!"

"கார்த்தி என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் ரெண்டு பேரும் வண்டி முன்னாடியே நின்னுக்கிட்டிருந்தாவ. அப்புறம் அந்தத் தம்பி 'சாப்ட்டீங்களாப்பா'ன்னு கேட்டுச்சு. பெரியவரு அழுதுட்டாரு... ஒங்களையும் திரும்ப வரச் சொல்லுதாவ."

சேவியருக்கு வீடு தப்பித்தது. அது போதும். தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலைக்கு நான் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலை டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சிவராஜ் என் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, அமுங்கிக் கிடந்த கார்க் கதவைக் காட்டினார். "பயப்படாம அடிங்க."

காரை அடிப்பதற்குச் சம்பளம்! முதல் அடியை அடித்துவிட்டு, யாராவது 'யாருங்க தொட்டது?' என்று வருகிறார்களா எனத் திரும்பிப் பார்த்தேன்.