பின்னால் வானம் போட்ட படம்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர் போட்டோவைப் பெரிது பண்ணக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது அவர் அண்ணன். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம் என்று நினைத்திருப்பார். மதியம் படம் வந்தது. சாயந்திரம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து பிரேம் கடை இருக்கிற பக்கமே நான் போவதில்லை.

இதை அந்தம்மாவிடம் நான் சொன்னதில்லை.

அந்தம்மா இங்கிலாந்துக்காரர். செங்கம் ரோட்டை ஒட்டின சந்தில் மாடி ரூம் எடுத்து, வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வந்து தங்குவார். நான் சமைத்து, துணி துவைத்துக் கொடுப்பேன். தமிழ் பேசுவார். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எனக்குப் புரியும்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அது நிறைய அவர் ஊர்ப் படங்கள். எல்லாம் கருப்பு வெள்ளை. சின்ன ஊர், ஒரே தெரு. கல்லால் கட்டின பழைய சர்ச். தெருவை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடுகள் போகிற படம். பனி விழுந்து ஜன்னல் வரைக்கும் மூடின படம். நான் பாத்திரம் கழுவி முடித்ததும் கூப்பிட்டுக் காட்டுவார்.

"இந்த ஆளு ரொட்டிக்கடை. ஒரு கை இல்ல. சண்டைல போச்சு."

"ஒரு கையால எப்படிமா மாவு பெசைவாரு?"

"பொண்டாட்டி பெசைவா. அவரு திட்டுவாரு."

"எங்க ஊரு அடி அண்ணாமலைலயும் அப்படித்தாங்க. கை ரெண்டும் இருக்கும்."

அந்தம்மா இருமும் வரை சிரித்தார்.

ஒரு படத்தில் மட்டும் அவரே இருந்தார். ஏழெட்டு வயசு இருக்கும். முன்பல் இல்லை. பனிக்கோட்டு போட்டுக்கொண்டு தெரு நடுவில் நிற்கிறார். காலடியில் நாய். பின்னால் சர்ச், தெரு, வீடுகள், எல்லாம் தெரியும். அதைத்தான் பெரிது பண்ணி மாட்ட வேண்டும் என்றார்.

"கண்ணு சரியில்ல. எங்க வீட்டுக் கதவு எதுன்னு தெரியல. பெரிசா இருந்தா தெரியும்."

அவருக்குச் சளி பிடித்திருந்தது. அதனால் என்னிடம் கொடுத்தார். எனக்குப் போக மனசில்லை. போனேன்.

தேரடி வீதிப் பக்கம் இருக்கிற கடை. என் வீட்டுக்காரர் படமும் அங்கேதான் போட்டது. "இதைப் பெரிசு பண்ணணும். செவுத்துல மாட்ட" என்றேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"பௌர்ணமி அன்னிக்கு வாங்கக்கா."

அதற்குள் சளி காய்ச்சல் ஆனது. காய்ச்சலோடு மூச்சு வாங்கியது. பௌர்ணமி அன்று காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் சளி கட்டியிருக்கு, வயசும் ஜாஸ்தி, பார்க்கலாம் என்றார் டாக்டர். சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா என்று நர்ஸ் கேட்டார். நான் இருக்கேன் என்றேன்.

மூக்கில் குழாயோடு அந்தம்மா சொன்னார்: "படம் வாங்கிட்டு வா. பாக்கணும்."

கடைக்காரர் படத்தை எடுத்துத் திருப்பினார்.

தெரு இல்லை. சர்ச் இல்லை. நாய் இல்லை. பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் போட்டிருந்தார். கீழே இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. தேதிக்கு இடம் விட்டிருந்தார். பிரேமில் மரச்சீவல் மாலை. மேலே சின்னச் சிவப்பு பல்பு.

கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"தேதி தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே ஒட்டிடறேன்" என்றார்.

"உயிரோட இருக்காங்க."

"யாரு?"

"இந்தப் புள்ளைதான். எங்க வெள்ளைக்காரம்மா. ஆஸ்பத்திரியில இருக்காங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பழைய படம், பெரிசு பண்ணுன்னா எங்க கைக்கு இதான்கா வரும். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." பழைய படத்தைப் பத்திரமாக எடுத்து வந்து, ஊரோடு வேறே போட்டுத் தருகிறேன் என்றார்.

"இது?"

"எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. இங்க வெச்சா எனக்குத் தூக்கம் வராது."

எனக்கு மட்டும் வருமா. கிழிக்க முடியாது. உயிரோடு இருக்கிறவங்க முகம். வீசவும் முடியாது. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஆட்டோ விடவில்லை. நடந்தேன். இடிபட்டதில் பேப்பர் கிழிந்து பிள்ளை முகமும் மாலையும் வெளியே வந்துவிட்டது. ஜனம் பார்த்து ஒதுங்கி வழி விட்டது. அந்த வழியில் நடக்கப் பயமாக இருந்தது. சாவு ஊர்வலத்துக்கு விடுகிற மாதிரி விட்டார்கள்.

ஒரு அம்மா என் கையைப் பிடித்தாள். "பேத்தியா? என்னாச்சு கொழந்தைக்கு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு."

"அப்படித்தான்மா மனசு ஏத்துக்காது" என்று முதுகைத் தடவினாள்.

ஒன்றும் ஆகலை, ஒன்றும் ஆகலை என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். மாலையைக் கழற்றினேன். படத்தைச் சேலையில் சுற்றி, முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி பீரோவில் வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தம்மா கண்ணைத் திறந்தார்.

"படம்?"

"இன்னும் ஆகலைங்க. கலர் காயணுமாம்."

கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். மூச்சு மட்டும் விசிலடிக்கிற மாதிரி வந்தது. ராத்திரிக்கு ஆள் தங்க விடவில்லை. போன் வந்தால் எடுக்கிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

விடிந்து அடுப்புப் பற்ற வைக்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரி நம்பர். என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வந்தது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"ஏம்மா, உங்க வெள்ளைக்காரம்மா இட்லி வேணாம்கிறாங்க. மெளகு ரசம்தான் வேணுமாம். நீங்க வெச்சாதான் ஆச்சாம்" என்றார் நர்ஸ்.

ரசம் வைத்தேன். மிளகு ஜாஸ்தியாகிவிட்டது. அந்தம்மா குடித்துவிட்டு நன்றாக இருக்கு என்றார்.

அந்தம்மா ரூமுக்குத் திரும்பிய பிறகு கடைக்காரரே இரண்டாவது படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். ஊர் முழுசாக இருந்தது. அந்தம்மா கண்ணாடியில் விரலை வைத்துத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனார். ஓரிடத்தில் நின்றார்.

"இது. பச்சைக் கதவு."

படத்தில் அது கருப்பாகத்தான் இருந்தது.

"மொதல் படத்துக்கு மன்னிச்சுக்குங்கம்மா" என்று கடைக்காரர் உளறிவிட்டார். அந்தம்மா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதாயிற்று. கொண்டா என்றார். முடியாது என்றேன். கொண்டா என்றார்.

வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். அந்தம்மா அதைக் கட்டிலில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"நாய் எங்க?"

கடைக்காரர் சுவரில் மாட்டின படத்தைக் காட்டினார்.

"இங்க ஆளு செத்தா ஊரையும் எடுத்துடுவீங்களா?"

"வழக்கம்மா. சாமிகிட்ட போன மாதிரி இருக்கணும்னு" என்றார் கடைக்காரர்.

அந்தம்மா அதைச் சேலையில் பழையபடி சுற்றி என் கையில் கொடுத்தார். "உன்கிட்ட வெச்சிரு. வேணும்."

"அப்படிப் பேசாதீங்க."

"ஒரு நாள் வேணும் இல்ல? இப்ப இல்ல. நாய மட்டும் சேக்கச் சொல்லு."

கடைக்காரர் வேகமாகப் படி இறங்கிப் போய்விட்டார். நாயைச் சேர்க்கச் சொல்லி நான் இதுவரை போகவில்லை. போனால் நாள் குறித்த மாதிரி ஆகிவிடும்.

பங்குனியில் அந்தம்மா ஊருக்குப் போனார். போன வாரம் போன் பண்ணினார். அங்கே பனி ஆரம்பித்துவிட்டதாம். வருகிறேன், ரூமைப் பெருக்கி வை என்றார். நடுவில் இரண்டு தடவை இருமினார். சளியா என்று கேட்க வாய் வரவில்லை.

ரூமைப் பெருக்கினேன். சுவரில் இருக்கிற ஊரைத் துடைத்தேன். வீட்டில் பீரோவைத் திறந்தால் அந்தப் படம் இருக்கிற மூலையைப் பார்ப்பதில்லை. கையை விட்டு என் துணியை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன்.