தெற்குப் பாடு காலி என்று சொன்ன கணக்கு

உத்தேசம் சொல்லிப் பிழைப்பவள் நான். வானிலை சொல்கிறவர்களும் கல்யாணத் தரகர்களும் என் அவஸ்தையைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

பெயரிலேயே வம்பு

பழவேற்காடு ஏரியில் எங்கே எவ்வளவு இறால் இருக்கும் என்று கணினியில் கணிக்கும் ஒப்பந்த வேலை. துல்லியமான விடை வேண்டுமென்றால் என் மடிக்கணினி வாரக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் சுலபமான ஒரு விடையை எடுத்து, உண்மைக்கு எவ்வளவு கிட்டே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுவோம். இதற்கு வேரியேஷனல் இன்ஃபரன்ஸ் என்று பெயர். ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் யாருக்கு எந்தப் பாடு, அதாவது எந்த மீன்பிடி இடம், என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிற தேசப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ தெரியாததை சீக்கிரமா தெரியாம வெச்சிக்கிறீங்க."

வரப்பு

அந்தக் குறுக்குவழியில் ஒரு வசதி: ஒவ்வொரு பாடும் தனி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டேன். தெற்குப் பாடு காலி என்று அடித்துச் சொன்னது கணக்கு. சந்தேகத்துக்கு நூலளவு இடம்கூட விடவில்லை. இப்படி ஒரு விடையைப் பார்த்து மயங்காதவர் நம்மில் யார்? பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். முகத்துவாரம் மண் மூடினால் தெற்கு இறால் வடக்கே போகும், திறந்தால் திரும்பும் என்றார் தேசப்பன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி ஒண்ணுதாம்மா. உங்க பொட்டிலதான் வரப்பு கட்டி வெச்சிருக்குது."

கையெழுத்து

எல்லாப் பாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டேன். தெற்குப் பாடு காலியாகவும் இருக்கலாம், கூடை கூடையாகவும் வரலாம் என்று வந்தது. எனக்கு வேலை கொடுத்த கம்பெனி மேலாளருக்கோ முதல் விடைதான் பிடித்திருந்தது. காலி என்று நான் கையெழுத்துப் போட்டால் அங்கே கல் கொட்டிப் படகுத்துறை கட்டலாம். ஊருக்கு அந்த இடம் போய்விடும். முடியாது என்றேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன்.  பேனாவைத் தொடாத என்னைப் பார்த்து மேலாளர் கேட்டார்.

"இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுன்னு எழுத வெட்கமா இல்ல?"

கருத்துக்கேட்பு

இரண்டாவது கணக்கை ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டேன். படகுத்துறைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தேசப்பன் அதை எடுத்து நீட்டினார். அங்கே இறால் உண்டு என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று மேலாளர் மடக்கினார். தேசப்பன் எழுந்து நின்றார்.

"தெரியாதுங்க. தெரியாமதான் தினம் வலை போடறோம். தெரியாத எடத்துல கல்லு கொட்டாதீங்க."

அந்த வேலை என் கையை விட்டுப் போய் ஆறு மாதமாகிறது, தெற்குப் பாடு பக்கம் இன்னும் ஒரு கல்கூட விழவில்லை. இது உத்தேசம் இல்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.