மில் செவத்து முக்காட்டுக்காரி

கோதுமை மாப் பசை வாசம்... இன்னும் மூக்குலயே நிக்குது.

எழுபதுகள்ல, மாத்தளை டவுன்ல புதுசா துணி மில் ஒன்னு தொறந்த நேரம். கேட் பக்கத்துச் செவத்துல பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் கியூவுல நின்ன காலம் அது. "திங்கவே மா இல்ல, செவத்துக்குப் பூசியிருக்கானுகளே பாவிங்க!"ன்னு உம்மா ஏசினாங்க.

போஸ்டர் என்னவோ அரதப் பழசு. உலக யுத்த நேரம் பொம்பளைகளை பெக்டரி வேலைக்குக் கூப்பிட வெள்ளக்காரன் அடிச்சது. மேனேஜர் மஹத்தயா எங்கயோ ஸ்டோர்ல இருந்து தேடி எடுத்து, கீழ சிங்களத்துலயும் தமிழ்லயும் "பெண்கள் தேவை"ன்னு எழுதி ஒட்டிட்டார். தலையில துணி கட்டி, சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கிட்டு, மெஷின் முன்னால ஜோரா நிக்கிறா ஒருத்தி.

பார்த்த அன்னைக்கே எனக்கு மில் பைத்தியம் புடிச்சிருச்சு. படிப்பை நிறுத்தி குசினியில அடுப்போட கிடந்தவ நான். ஆனா எங்க வீட்ல உம்மா கூடப்பொறந்த மாமா வச்சதுதான் சட்டம்.

"குமருப் புள்ள மில்லுக்கா? ஊர் சிரிக்கும்!"

அழுது அழுது கண்ணு வீங்கிப் போச்சு.

வாப்பா சாயந்தரம் அசர் தொழுதுட்டு மாமாவைக் கையோட கூட்டிட்டுப் போய் போஸ்டர் முன்னால நிறுத்தினார். நானும் பின்னாலயே ஓடினேன்.

"மச்சான், நல்லாப் பாருங்க. முக்காடு போட்டிருக்கு. கையைச் சுருட்டியிருக்கிறது தொழுகைக்குக் கை கழுவி வுளூ எடுக்க. வேலைக்கு நடுவுல தொழவும் விடுறாங்க போல. நம்ம புள்ளதான்!"

மாமா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்... நல்ல வெளுப்பு. கண்டிப் பக்கமா இருக்கும்"னார்.

அடுத்த திங்கக்கிழமை நான் மில்லுல!

வாப்பா அப்பாவி, தெரியாம உளறிட்டார்னு ரொம்ப நாள் எனக்குள்ளயே சிரிச்சிருக்கேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் போஸ்டரைப் பத்திக் கேட்டே விட்டேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கல.

"யுத்த நேரம் திருகோணமலை நேவி கேம்ப்ல கோக்கியா சமைச்சுப் போட்டவன் நான், மகள். அங்க செவரெல்லாம் இந்த வெள்ளக்காரி போஸ்டர்தான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப மாமாகிட்ட பொய்யா சொன்னீங்க?"

"வேற என்ன செய்ய? நீ அழுததை என்னால பார்க்க ஏலல மகள்."

இப்ப என் மகள் கொழும்புல வேலை. பேக்கைத் தூக்கிட்டு "போய்ட்டு வாறேன் உம்மா"ன்னா முடிஞ்சுது. மாமாமார் யாரையும் கேட்கத் தேவையில்ல, அவளுக்காக யாரும் பொய் சொல்லவும் தேவையில்ல. அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம்தான்...

ஆனா அவள் பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு வாப்பாவைத் தேடுது.