எவரும் சாகாத நினைவுக் கல்

வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சலித்து, படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் வேனை ஒரு ஊருக்குள் நிறுத்துகிறோம். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், கம்பி வேலிக்குள், முதல் உலகப் போரின் நினைவுக் கல். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர்கள் பதினொரு பேர். உயிர் நீத்தவர் எவருமில்லை.

கடைசி வரியை இரண்டு முறை படிக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கணவரோ வேலிக்குள் கையை விட்டுக் கல்லைத் தட்டிக்கொடுக்கிறார்.

“ஐயே, சார் தொட்டுட்டாரா?” பஸ்ஸுக்கு நிற்கும் சீருடைப் பெண் சிரிக்கிறாள்.

“தொடக் கூடாதாம்மா?”

“தொடலாம்க்கா. தொட்டுட்டுப் போனா, திரும்பி வந்து இன்னொரு தபா தொடணும். அவ்ளோதான். நானே டெய்லி ஷிப்ட் முடிஞ்சி வந்து தொட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போறேன்.”

நாங்கள் போவது காஷ்மீருக்கு. திரும்பும்போது இந்தப் பக்கமே வராமல் கடற்கரைச் சாலையில் ஊர் போய்ச் சேருவதென்று, மூன்று மாதம் அவரோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன்.

வேலிக்குள் கையை விட்டு நானும் தொடுகிறேன்.