ஏழாம் நம்பர்

எச்சில் தொட்டுத்தான் துடைப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்பு மட்டையின் முகத்தில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, அப்புறம்தான் வேதநாயகம் பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். பூதலூருக்குத் தெற்கே, உளுந்து எடுத்து முடிந்த சொந்த வயல்தான் மைதானம். நெல்தாள், வெடிப்பு, ஆட்டுப்புழுக்கை எல்லாம் உண்டு. கோடை முழுக்க சாயங்காலம் கோல்ஃப். ஆற்றில் தண்ணீர் விட்டால் நாற்றங்கால்.

மலேசியாவில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டியவர். கூடப் போனவர்கள் டிவியோடு திரும்பினார்கள். இவர் ஒரு பை பழைய மட்டைகளோடு வந்தார். “வெறகு பொறுக்கப் போன ஆளு மாதிரி வந்து நின்னாரு” என்பார் மனைவி அமலோற்பவம்.

எல்லாம் ஒரே இரும்பில் அடித்த மெல்லிய மட்டைகள். நடுவில் பட்டால் பந்து பட்டதே கைக்குத் தெரியாது. ஓரத்தில் பட்டால் முழங்கை வரை விறுவிறுக்கும். “இது பொய் சொல்லாது. தப்பா அடிச்சா அங்கயே கன்னத்துல குடுத்துரும்” என்று மெச்சிக்கொள்வார். மட்டைக்கு மட்டை அடியில் ஒரு நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற மட்டையின் முகம் வானத்தைப் பார்த்துச் சாயும். பந்து உயரப் போய்க் கிட்டத்தில் விழும். ஏழு நடுவாந்திரம். அந்த ஏழால் வயலின் இந்தக் கோடியில் இருந்து அடித்து, அந்தக் கோடி வாய்க்காலைத் தாண்டவிடுவதுதான் அவருடைய கெத்து.

அறுபது தாண்டியதும் கெத்து ஆட்டம் கண்டது. இந்தக் கோடையில் பந்தெல்லாம் வறண்ட வாய்க்காலுக்குள்ளே காட்டாமணக்குப் புதரில் போய் விழுந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல் மைத்துனர் செல்லதுரையுடையது. அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

“அஞ்சாம் நம்பரை எடுங்க மச்சான். வயசாயிருச்சுல்ல?”

“ஏழுல தாண்டுனவன் அஞ்சைத் தொடமாட்டான் மாப்ள. தண்ணி வர்றதுக்குள்ள தாண்டிக் காட்டுறேனா இல்லியா பாரு.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் அப்பாவின் முகத்தைப் பார்த்த மகள் பிரின்ஸி, துபாயில் இருந்து புது மட்டைகள் அனுப்பிவைத்தாள். முதுகுப் பக்கம் நுங்கு நோண்டிய மாதிரி குழி. “பாதி இரும்பைத் திருடிட்டானுவளே” என்று முதலில் கத்தினார். அடித்துப் பார்த்த பிறகு அவரே வக்காலத்து வாங்கினார். “சைக்கிள்ல ரெண்டு பக்கமும் தண்ணிக்குடம் கட்டிட்டா சட்டுனு திரும்புமா? அதான். கனத்தை ஓரத்துல வச்சிருக்கான். தப்பாப் பட்டாலும் மூஞ்சி திரும்பாது.” அடிப்பாகமும் பட்டையாக இருந்தது. “பழசு மண்ணை உழுவும். இது பரம்படிச்சிட்டுப் போயிரும்.”

ஒரு சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பழைய ஏழையும் புது ஏழையும் சிமென்ட் தரையில் ஜோடியாக நிறுத்திப் பார்த்திருந்தார். புதுசின் முகம் நிமிர்ந்து நின்றது. பழைய பையில் இருந்து ஐந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதே சாய்வு.

“பேரு ஏழு. வேலை அஞ்சு” என்று முணுமுணுத்துவிட்டுப் பையை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்லதுரை வாய்க்கால் கரையில் நிற்கும்போது புது ஏழை ஓங்கினார். பந்து காட்டாமணக்கைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, செல்லதுரை வயலில் போய்க் குதித்தது.

“யோவ் மச்சான், ஏழுலயா? அக்கா, இங்க ஓடியா! கெழவனுக்குக் கை திரும்பிருச்சு!”

மோட்டார் கொட்டகையில் விதைநெல் மூட்டைகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த அமலோற்பவம், மைக்கிண்ணமும் குச்சியுமாகவே வந்தார். “நெசமாவா? ஏழுலயா தாண்டுனீங்க?”

செல்லதுரை இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார். மனைவி கையில் இருந்த குச்சியை வேதநாயகம் வாங்கி, மையில் தோய்த்து, மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த ஏழின் மேல் கொட்டையாக ஐந்து என்று எழுதினார். பிறகு குனிந்து, மை காய வாயால் ஊதினார்.