பாய் வீட்டுக் குட்டிகள்

எங்கள் பெரியப்பாவுக்குச் சந்தேகம் மூக்குப்பொடி மாதிரி. காலையில் ஒரு சிட்டிகை ஏறினால்தான் அவருக்குக் கண் திறக்கும். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டுகிறான், நம் கோழி அடுத்த வீட்டில் போய் முட்டையிடுகிறது என்று பொழுதுக்கும் யாரையாவது உளவு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சந்தேகப்படாத ஒரே உயிர் அவருடைய வேட்டை நாய்தான்.

உலகச் சண்டை வந்து மண்ணெண்ணெய்க்கு அலைந்த காலத்துக்குச் சற்று முந்தைய கதை இது. மேலூரில் எங்கள் வீட்டில் நாங்கள் எல்லாம் பெண்களாகவே பிறந்திருந்தோம். அக்காவுக்கு அம்மை போட்டதும் என்னை நாகமலை அடிவாரத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மையோ ஒருத்தியை விட்டு அடுத்தவள் என்று நிதானமாகச் சுற்றிவந்ததால் என்னைத் திரும்பக் கூட்டிப்போகும் பேச்சே எழவில்லை. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை கிடையாது.

நாய் வெள்ளைக் கடுவன். ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, முயலைக் கண்டால் காற்றாய்ப் பறக்கும் கால்கள். அதன் பேர் கேட்டு எங்கெங்கிருந்தோ பெட்டை நாய்களைச் சேர்க்கைக்குக் கொண்டுவருவார்கள். குட்டி போட்டதும் கடுவன்காரர் வந்து பார்த்து, தமக்குப் பிடித்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் கொஞ்ச காலமாகக் குட்டி எதுவும் வரவில்லை. வந்துபோன பெட்டைகள் எல்லாம் வெறும் வயிறாகவே இருந்தன.

நாயின் மேல் குறை சொல்ல வழியில்லை. பெட்டையைக் கண்டால் வாலிபன் மாதிரி எழுந்து நிற்கும். சேர்ந்ததை நான்கு பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் சினை பிடிக்கவில்லை என்றால் கோளாறு பெட்டையிடம்தான் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இத்தனை பெட்டைகளுமா மலடு என்று ஒருவர் கேட்டபோதுதான் பெரியப்பாவுக்குப் புதுச் சந்தேகம் முளைத்தது. நாய்க்கு யாரோ எதையோ கலந்து வைக்கிறார்கள்.

நாய்க்குக் கூழ் வைப்பது பெரியம்மா. அவர்மேல்தான் சந்தேகம் என்று பெரியப்பா வாயால் சொல்லவில்லை, அவருடைய அக்கா, எங்கள் அத்தை, சொன்னார். பிள்ளை பெறாத கை வைத்த கூழைக் குடித்தால் நாய்க்கு மட்டும் எப்படி விளங்கும் என்று பெரியம்மா காதுபடவே கேட்டார். அன்றிலிருந்து பெரியம்மா நாயின் சட்டியைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. கூழ் வைக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை. பெரியம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பாவுக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டதாகவும், அவள் வந்தால் பெரியம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்றும் அத்தை பேசியதை நான் கேட்டிருக்கிறேன். பிறந்த வீட்டுக்குப் போவது நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் காஜிமார் தெருப் பக்கம் அத்தர் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். முயல் வேட்டை என்றால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிற மனிதர். அவருடைய செவலைப் பெட்டை எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து வெறும் வயிறாய்ப் போயிருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கச் சொல்லிப் பெரியப்பா அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது அந்தப் பெட்டை குட்டி போட்டிருப்பதாகச் சந்தையில் பேச்சு. நமக்குக் குட்டி கொடுக்க மனசில்லாமல் பாய் மறைக்கிறார் என்று பெரியப்பா கொதித்தார். பெட்டை எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாதக் கணக்கு உதைத்தது. பாய் குட்டிகளை வெகுநாளாக ஒளித்து வளர்க்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்தார். வண்டி பூட்டியாயிற்று. திரும்பும்போது குட்டியை மடியில் வைத்துக்கொள்ள நானும் போனேன்.

பாய் எதையும் ஒளிக்கவில்லை. சர்பத் கொடுத்து, நேரே கொல்லைக்கு அழைத்துப்போனார். சாக்கு மேல் குட்டிகள் பாலுக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. அப்போதுதான் கண் திறந்திருந்த குட்டிகள். பெரியப்பா ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார். பிறகு கீழே விட்டார். பாய் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. பெட்டை அதேதான். இந்தத் தடவ சமயநல்லூர்ல ஒரு எளங்கடுவன்கிட்ட விட்டேன். ஒங்க நாய்க்கு வயசாயிருச்சு. சேரும், ஆனா வித்து இருக்காது."

 திரும்பும் வழியில் பெரியப்பா எதிரே வந்த ஒருவர் மேலும் சந்தேகப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

குட்டி எங்கே என்று பெரியம்மா கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதே செவலைதானா, நீயே பார்த்தாயா என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். 

மறுவாரம் உசிலம்பட்டிப் பெண் வீட்டாரிடம் நாள் பேசிவிட்டு அத்தை வந்தார். பெரியப்பா நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சாப்பாடு போட்டார், வெற்றிலை வைத்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, பாய் வீட்டுல பாத்தத அத்தைகிட்டச் சொல்லு."

நாய்க் கதை சொல்ல எனக்குக் கசக்குமா? ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டை அதேதான், கடுவனை மாற்றியதும் குட்டி போட்டுவிட்டது, பெட்டைமேல் ஒரு குற்றமும் இல்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அத்தையின் விரல் வெற்றிலையிலேயே நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. குட்டி கிடைக்காத ஏக்கம் அது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வெசனப்படாதீங்க பெரியப்பா. வேற வீட்டுக் குட்டி ஒன்ன வாங்கி வளத்துக்குவோம். நம்ம கூழக் குடிச்சா நம்ம குட்டிதான?"

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம், நாய்க்குக் கூழை நீயே வை என்று பெரியம்மாவிடம் சொன்னார். என் உத்தியோகம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம். உசிலம்பட்டிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அம்மை ஓய்ந்ததும் அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிப்போக வண்டியில் வந்தார்கள். பெரியவர்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். அத்தையும் இருந்தார். வெளியே வந்தபோது பெரியம்மா அம்மாவின் கையை விடவே இல்லை. என்னுடைய பாவாடை சட்டை எல்லாம் ஊரிலிருந்து மூட்டையாக வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் நாயோடு விளையாடலாம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும் ஏறி வண்டி கிளம்பியதும் கை தட்டிக் குதித்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வளைவு திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள். சும்மா மேலூருக்குப் போவதற்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.