தெற்கு வாசலுக்கு ஒரு மேசைவிளக்கு

ஒரு மேசைவிளக்கை வாங்க எங்கள் குடும்பத்துக்கு மூன்று வாரமும் நான்கு கடைகளும் தேவைப்பட்டன. வீட்டையோ அப்பா ஒரே மாலையில் பார்த்து, அங்கேயே நின்று சரி என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்த அவசரம்தான் பிறகு வம்பாகிப் போனது.

அப்போது எனக்குப் பத்து வயது. பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு செடெனாக்கில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்தோம். மாடியில்லாத வரிசை வீடு. முன்னால் மோட்டார் காடி நிறுத்த இடம், பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். எல்லாம் சரியாக இருந்தது, வாசல் மட்டும் தெற்கே பார்த்தது. லாபிஸில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதைப் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"தெக்கு வாசல் வீட்டுல வெளிச்சம் தங்காது தம்பி. என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அப்பா கேட்கவில்லை. கேட்காததை ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதத்தையும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டேன் என்று அவள் சொல்ல, வராட்டி போ என்று இவர் போனை வைத்துவிட்டார்.

எங்கள் சொந்தத்தில் புது வீட்டில் முதல் பால் காய்ச்ச வேண்டியவள் வீட்டுக்காரரின் அக்காவோ தங்கையோதான். அத்தை வராததால் அம்மாவே காய்ச்சினாள். பால் நன்றாகத்தான் பொங்கியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று நான் கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

தீபாவளி நெருங்கியபோது லாபிஸிலிருந்து சேதி வந்தது. ஜொகூர் பாருவுக்குப் போகிற வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவாள். வெளியிலேயே இருந்து பிள்ளைக்கு உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். யாரும் உள்ளே கூப்பிட வேண்டாம். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வெளிச்சம் தங்காத வீடு என்றுதானே சொன்னார்கள், வெளியே நின்று பார்த்தாலே ஹால் ஜொலிக்கிறது தெரிய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

வழிகாட்ட மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. பணக்கார ஹால்களை நாள் முழுக்கப் பார்ப்பதால் அலங்கார விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

"மாடர்ன் வீட்டுல இந்த டியூப் லைட்டுலாம் போட மாட்டாங்கக்கா. மூலையில ஒரு டேபிள் லேம்ப், மஞ்சள் வெளிச்சம். அதான் ஸ்டைல் லா."

ஒவ்வொரு ஞாயிறும் நால்வருமாகக் கிளம்பினோம். மாமா சொன்ன முறைப்படி, விளக்கை எரியவிட்டு அதன் பக்கத்தில் ஒரு முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். முகம் நன்றாகத் தெரிந்தால் விளக்கு நல்லது. அந்த முகம் என்னுடையது. கடை கடையாக என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்கள். ஒரு விளக்கில் நான் காய்ச்சல்காரி மாதிரி இருந்தேனாம். இன்னொன்றில் களவு செய்து பிடிபட்டவள் மாதிரி. கறுப்புக் கூண்டு போட்டதை அம்மா தொடக்கூட இல்லை, நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா என்றாள். கழுத்து வளைந்த விளக்கைக் கண்டு பல் டாக்டர் ஞாபகம் வருகிறது என்றாள். சிமென்டில் செய்த ஒன்றை மாமா தூக்கிக்கொண்டு வந்தபோது, பாதி கட்டின வீட்டை எதற்குத் தூக்கி வருகிறாய் என்று கேட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான இருக்கு" என்றார். அதனால் அவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது கடை ஜொகூர் பாருவில். கால் வலிக்க நான் ஓர் அலமாரியில் சாய்ந்தேன். கை பட்டதும் பித்தளை நிறத்தில் இருந்த ஒரு குட்டி விளக்கு மெல்ல எரிந்தது. பயந்துபோய் மறுபடி தொட்டேன். வெளிச்சம் கூடியது. மூன்றாம் முறை பளீரென்று எரிந்தது, நான்காம் முறை அணைந்தது. இதற்கு சுவிட்ச் கிடையாது, உடம்பில் எங்கே தொட்டாலும் வேலை செய்யும் என்று கடையிலிருந்த மலாய் அக்கா சிரித்தாள்.

"அலமாக்!" என்று வியந்தாள் அம்மா. என் முகத்தை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் என் முகம் தேறியது. வீடு வரும்வரை அட்டைப் பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அத்தை வந்த ஞாயிறு மதியம் வானம் கறுத்திருந்தது. சொன்னது போலவே காடி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா காப்பியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குப் பாவாடை சட்டை வந்திருந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து, கூப்பிட வேண்டாம் என்று சொன்னவளைக் கூப்பிடாமல், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அத்தை இரண்டு முறை கைப்பையை எடுத்தாள், இரண்டு முறையும் கீழே வைத்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. புதுப் பொருள் எது வந்தாலும் சந்தனம் வைக்காமல் நாங்கள் புழங்குவதில்லை. விளக்குக்கு அது இன்னும் வைக்கவில்லை, அதனால் எரியவிடவும் இல்லை. சந்தனக் கிண்ணத்தோடு போய் நின்றாள்.

"அண்ணி, புது விளக்கு வாங்கியிருக்கோம். பால்தான் நீங்க காய்ச்சல. இதுக்காச்சும் உங்க கையால பொட்டு வெச்சிட்டுப் போங்க."

"உள்ள வர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

"நீங்க வர வேணாம். அது வரும்."

விளக்கு வந்தது, ஆனால் அதன் வயர் வாசல்வரைதான் எட்டியது. மாமா படிக்கு உட்பக்கம் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் விளக்கை வைத்துவிட்டுப் போய் பிளக்கைச் செருகினார். அத்தை படிக்கு வெளியே நின்றபடி உள்ளே கையை நீட்டி, மோதிர விரலால் பித்தளைத் தண்டில் முதல் பொட்டை வைத்தாள்.

விளக்கு எரிந்தது.

தொட்டால் எரியும் என்பது சத்தியமாக அதுவரை எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை அசையாமல் நின்றாள். பிறகு இரண்டாவது பொட்டு வைத்தாள். வெளிச்சம் கூடியது. மூன்றாவது பொட்டுக்கு ஹால் முழுக்கப் பிரகாசமானது. "அது வந்து சென்சார்..." என்று மாமா ஆரம்பிக்க, அம்மா அவர் காலை மிதித்தாள். நானும் வாய் திறந்தேன். என் முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அப்பாதான்டா தம்பி," என்றாள் அத்தை, உள்ளே பார்த்து. செத்துப்போன தாத்தாவைத்தான் சொன்னாள். "அப்பாதான் வெளிச்சம் காட்டுறாரு."

தொலைக்காட்சி அணைந்தது. அப்பா எழுந்து வந்து முக்காலியை நகர்த்தி வழிவிட்டார். அத்தை வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். விரல் நான்காவது பொட்டுக்குப் போவதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. இப்போது விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? ஆனால் அவள் என்ன நினைத்தாளோ, மிச்சச் சந்தனத்தை என் நெற்றியில் தடவிவிட்டாள். அன்று சாயந்தரம் அத்தை எங்கள் அடுப்பில் பால் காய்ச்சினாள். அப்பா இரண்டு டம்ளர் குடித்தார். மழை கொட்டியது, வீடே சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு மட்டும் அத்தையை எல்லாரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்ற உறுத்தல். தன் கை பட்டு விளக்கு தானாக எரிந்த கதையை அவள் கல்யாண வீடுகளில் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து, அத்தை மகளின் கல்யாணத்துக்காக லாபிஸ் போனேன். அவளும் நானும் ஒரே வயது. அத்தையின் அறையில் எங்களுக்குப் படுக்கை போட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு தொடுவிளக்கு இருந்தது, விரல் பட்டுப் பட்டுத் தண்டில் நிறம் போயிருந்தது. இது எப்போது வாங்கியது என்று கேட்டேன்.

"அப்பா சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்தாரு. நான் அப்ப மூணாவது படிச்சேன்," என்றாள் அத்தை மகள்.

மூன்றாவது என்றால், நாங்கள் செடெனாக்குக்கு வருவதற்கு முந்திய வருடம். நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலையணையோடு உள்ளே வந்த அத்தை என் முகத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வாட்டி 'உள்ள வாக்கா'ன்னு சொல்லுவான், சொல்லுவான்னு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? உங்கப்பன் டீவியத்தான் பாத்தான். நான் எப்பிடித்தான் உள்ள வர்றது, சொல்லு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து வயதில் நான் கண்டது ஏமாந்த அத்தையை மட்டும்தான். தம்பி வீட்டுக்குள் வர வழி தேடி ஒரு மணி நேரம் நாற்காலியில் தவித்தவளை நான் பார்க்கவே இல்லை.

"நாலாவது பொட்டு வெக்காம நிறுத்துனேனே, அதாச்சும் கவனிச்சியா?" என்றாள் அத்தை.